மடிப்புக் கலையாத பதினான்கு புடவைகள்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். என்னிடம் புடவை வாங்கியவர், நூல் விற்றவர், தெருவில் சும்மா வழி கேட்டவர் என்று ஆரணியில் பாதிப் பேருக்கு அது தெரியும். அதனால் நான் ஒருவரைப் பாராட்டி எழுதுகிறேன் என்றால் என் மனைவி இளமதியே நம்ப மாட்டாள். நம்பாவிட்டால் போகட்டும். கமலத்தைப் பற்றி எழுதாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

கமலத்துக்கு நாற்பத்து நான்கு வயது. பட்டுப்புடவை மடிப்பதுதான் தொழில். கண்காட்சிகளில் வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை, பழைய மடிப்பின் கோடு மாறாமல் திரும்ப மடித்து அடுக்குவாள். நாள் கூலி. சென்னை, மதுரை, ஐதராபாத் என்று பல ஊர் ஸ்டால்களில் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவள். போளூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் இருக்கிறாள், புருஷன் பவர்லூமில் வேலை பார்க்கிறார், ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் பிரபாகரன். வீட்டில் நான்கு தறி. நெய்ததையெல்லாம் இங்கேயே ஒரு முதலாளிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் அவர் எடுப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். சரி, நாமே நேராக விற்போம் என்று பெங்களூரில் ஐந்து நாள் கண்காட்சிக்கு ஸ்டால் பிடித்தேன். விஷயம் தெரிந்து கமலம் வீட்டுக்கு வந்தாள்.

"மடிக்க ஆளு வேணுங்களாண்ணா?"

"நெய்யத் தெரிஞ்சவனுக்கு மடிக்கத் தெரியாதா? போம்மா, போய் வேலயப் பாரு."

அவள் போய்விட்டாள். நானும் இளமதியும் தொண்ணூறு புடவையோடு வாடகை வண்டியில் கிளம்பினோம்.

ஸ்டால் வாடகை எவ்வளவு என்று மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். போய் இறங்கியதும் பின்கேட்டிலேயே தொடங்கியது. மூட்டையை நாமே தூக்கக்கூடாதாம், அவர்கள் ஆள்தான் தூக்குவானாம், அதற்குத் தனிக் காசு. ஸ்டாலுக்கு இரண்டு லைட்டு கொடுத்திருந்தார்கள். இரண்டும் மஞ்சள். அந்த வெளிச்சத்தில் என் பச்சைப் புடவை சேற்றில் தோய்த்தெடுத்த மாதிரி இருந்தது. வெள்ளை லைட்டுக்கு நாள் வாடகை, அதைச் சொருகும் பிளக்குக்குத் தனி வாடகை. மேசைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. ஹாலுக்குப் பக்கத்தில் ரூம் எடுத்தால் அது கல்யாண மண்டப விலை. மூன்றாம் நாள் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஸ்டால்காரர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் அவர்கள் வைத்த செலவு. பெரிய செலவை நானே வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிறவருக்குப் புடவையை முழுசாகப் பாய்மேல் விரித்துக் காட்டுவதுதான் நெய்கிறவன் வழக்கம். அரையும் குறையுமாகக் காட்டினால் ஏதோ பழுதை மறைக்கிறான் என்று நினைப்பார்களே என்ற கூச்சம். அதே பழக்கத்தில் அங்கேயும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் முந்தானையிலிருந்து மறுமுனை வரை விரித்தேன். ஒரு புடவை விற்க எட்டுப் புடவை பிரிந்தது. ராத்திரி ரூமில் நானும் இளமதியும் மடித்தோம். கோடு கோணலாக வந்தது, ஜரிகையில் சுருக்கம் விழுந்தது.

முப்பத்தேழு புடவை விற்றது. நல்ல வியாபாரம் என்றுதான் ஊருக்குத் திரும்பினேன். மீதி ஐம்பத்து மூன்றை முதலாளி தொட்டுப் பார்த்தார். "பிரிச்ச சரக்கு பிரபாகரா" என்று புடவைக்கு ஐந்நூறு குறைத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஊரில் இல்லாததால் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித்தர ஆளில்லாமல் இரண்டு தறி சும்மா நின்றிருந்தது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் கைக்காசு போயிருந்தது.

அடுத்து கோயமுத்தூரில் நான்கு நாள் கண்காட்சி. அதற்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. வெட்கத்தை விட்டுக் கமலத்தின் வீட்டுக்குப் போனேன்.

"அந்தத் தேதிக்கு சென்னையில ஒரு கடைக்கு ஒத்துக்கினேங்கண்ணா" என்றாள்.

"சரி, என் தலையெழுத்து. இதுவும் ஊத்திக்கிச்சின்னா மூணாவது தறிய வித்துடப் போறேன். துரைக்கண்ணு பதினோரு வருசமா அதுல நெய்யிறாரு. அவருக்கு இன்னா பதில் சொல்றதுன்னுதான் தெரியல."

அவள் தன் போனை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு, "சென்னைக்கு என் தங்கச்சிய அனுப்பிக்கிறேன். நான் வரேன்" என்றாள். என் பேச்சுத் திறமைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே உட்கார்ந்து என் போனிலிருந்தே கண்காட்சிக்காரர்களுக்குப் போன் போடச் சொன்னாள். மூட்டை தூக்க யார் ஆள்? லைட்டு என்ன நிறம்? நம்ம லைட்டும் ஒயரும் கொண்டுவந்தால் விடுவீர்களா? கடைசி நாள் எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும், தாண்டினால் எவ்வளவு? அவள் கேட்கச் சொன்னதையெல்லாம் நான் கேட்டேன். அந்தப் பக்கம் பேசியவருக்கு வியர்த்திருக்கும்.

"அண்ணி வூட்லயே இருக்கட்டும், தறி நிக்கக்கூடாது. நாப்பத்தஞ்சு பொடவ போதும், ரயில்ல கையோட எடுத்துக்கினு போயிடலாம். என் கூலி, மூணு வேள சாப்பாடு, டிக்கெட்டு. அதயும் இப்பவே எழுதிக்கங்க. அப்புறம் பேஜாராவக்கூடாது."

காட்பாடியிலிருந்து ரயில். வழியெல்லாம் நான்தான் பேசினேன். மூன்றாவது தறியைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தரகர் மூலம் பாதி விலைக்கு அமுக்கியதைச் சொன்னேன். "யாரோ அவசரத்துல இருந்தாங்க, நான் வுடல. நல்ல புளிய மரம், இன்னும் ஆடல" என்று பெருமை அடித்தேன். கமலம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

கோயமுத்தூரில் அவள் பையிலிருந்து இரண்டு வெள்ளை லைட்டும் ஒயரும் வந்தன. மூன்று புடவையை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். "இது மூணுந்தான் பிரிக்கிற பொடவ. மீதி எல்லாம் மடிப்போட இருக்கட்டும்" என்றாள். யார் வந்தாலும் அந்த மூன்றில் ஒன்றைத் தன் தோளில் போட்டுக் காட்டுவாள். முந்தானை, பார்டர், உடல் மூன்றும் ஒரே வீச்சில் தெரியும். பிடித்துப்போய் நிறம் கேட்டால்தான் மடித்ததை எடுப்பாள், அதிலும் முந்தானையை மட்டும் திருப்புவாள். நான் பழக்க தோஷத்தில் ஒன்றை விரிக்கப் போனேன். என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

இருபத்தெட்டு விற்றது. கடைசி நாள் சாயங்காலம் ஒரு கடைக்காரர் வந்து, மீதியிருந்த பதினேழையும் பாதி விலைக்குக் கேட்டார். ஒன்பது மணிக்குள் காலி செய்யாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. எனக்குப் போதும் போதுமென்று ஆகியிருந்தது. சரி என்று வாயைத் திறந்தேன். கமலம் அடுக்கின்மேல் கை வைத்தாள்.

"பதினாலு மடிப்பே கலையலைங்கண்ணா. ஊருக்குப் போனா இது புதுச்சரக்கு. ஏன் பாதிக்குக் குடுக்கிறீங்க?"

"யாரு மொதலாளி இங்க? நீயா நானா? மடிக்க வந்தியா, வியாபாரம் பண்ண வந்தியா?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். கடைக்காரர் சங்கடப்பட்டு நகர்ந்துவிட்டார். கமலம் கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. எட்டரைக்கெல்லாம் எல்லாவற்றையும் கட்டி முடித்து, வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஆரணியில் முதலாளி பதினான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய விலைக்கே எடுத்துக்கொண்டார். மூன்று புடவைக்கு மட்டும் குறைத்தார். செலவெல்லாம் போகக் கையில் காசு நின்றது. பெரிய தொகை இல்லை, ஆனால் தறியை விற்க வேண்டியதில்லை. கடை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினேன். ஜலதோஷம் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

மறுநாள் கமலம் கூலி வாங்க வந்தாள். கூலியோடு ஆயிரம் சேர்த்து நீட்டினேன். பேசிய கூலியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு ஆயிரத்தைத் திருப்பி வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே மூன்றாவது தறியிலிருந்து துரைக்கண்ணு குரல் கொடுத்தார்.

"ஓனரே, இந்தப் பாவுல இன்னும் ஒரு பொடவதான் வரும். அடுத்த பாவு உண்டா, இல்ல நான் வேற எடம் பாத்துக்கட்டுமா?"

"உண்டுய்யா! உன் வேலயப் பாரு!" என்று கத்தினேன். நல்ல விஷயத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வருகிறது எனக்கு.

கமலம் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அது போதுங்கண்ணா" என்றாள்.

"எது போதும்?"

"அந்தத் தறி ஓடுனா போதும். அது எங்க வூட்டுத் தறி. தேவிகாபுரத்துல இருந்தப்ப எங்களுக்கு ரெண்டு தறி. நானும் எங்க வூட்டுக்காரரும் இதே மாதிரி ஒரு கண்காட்சிக்குப் போனோம். லைட்டு வாடகை, மூட்டக்கூலி, பிரிச்ச பொடவ, எல்லாத்தையும் அங்கதான் கத்துக்கினோம். வந்து ரெண்டு தறியும் வித்தோம். ஒண்ணு உங்க வூட்டுக்குப் போச்சின்னு தரகர் சொன்னாரு. மடிக்க ஆளு வேணுமான்னு கேக்க வந்தன்னிக்கே அது எதுன்னு பாத்துட்டேன்."

ரயிலில் நான் அடித்த பெருமை ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. இளமதிதான் அவளை உள்ளே அழைத்துப்போய்க் காப்பி கொடுத்தாள். கமலம் டம்ளரோடு தறிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். துரைக்கண்ணு விவரம் தெரியாமல் நெய்துகொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் கண்காட்சி என்றால் முதலில் கமலத்துக்குத்தான் போன் போடுகிறேன். அவளுக்கு ஒழியாத தேதி என்றால் எனக்கும் ஒழியாது. அந்தத் தறி பாதி விலைக்கு வந்தது என்று யாரிடமும் சொல்வதில்லை. மீதிப் பாதியைக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.