மையடித்த கடைசி வரி

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. சவர்க்காரப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, நீலப் பேனையால் எழுதியது. எழுத்தைத் தடிப்பாக்க இது, சாய்க்க இது, பந்தி பிரிக்க இது என்று இணையப் பக்கம் செய்யும் குறிகள் ஒவ்வொன்றும், எதிரே தமிழில் விளக்கமும். தலையில் பெரிதாக "திறந்தா மூடணும்" என்று எழுதியிருக்கும். கடைசி வரி மட்டும் கறுப்பு மையால் அழுத்தி அழுத்தி அடிக்கப்பட்டிருக்கிறது.

எழுதியவர் முஸ்லிம். அவர்கள் அண்ணனைச் சொல்வதுபோல, அவரை நான் நானா என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு ஒரு வயதுதான் மூத்தவர். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய கொமியூனிகேஷன் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு போட்டோ கொப்பி இயந்திரம், பலகை அடைத்த ஒரு டெலிபோன் பெட்டி. நான் உக்குவளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டு, அலுவிகாரையில் ஒரு சிங்கள நோனாவின் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். யுத்த காலம் அது. அந்த வருடம் கொழும்பில் நடந்த பொலிஸ் சுற்றிவளைப்பில் என் கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன குற்றம் என்று எவரும் சொல்லவில்லை. நான் ஊருக்கெல்லாம் அவர் கத்தாருக்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்தேன். நோனா நல்லவள்தான். ஆனாலும் விஷயம் தெரிந்தால் அந்த அறையில் என்னை வைத்திருப்பாளா என்று பயம். அந்த நாட்களில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றாலே போதும், வாடகைக்கு இருப்பவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கணவருக்காகப் பிடித்த லோயருக்கு டெலிபோன் கோல் எடுக்கத்தான் முதலில் அந்தக் கடைக்குப் போனேன். பெட்டிக்குள் நின்று தாழ்ந்த குரலில் பேசுவேன். வெளியே வந்ததும், மற்ற வாடிக்கையாளர் காதில் விழும்படி, "கத்தார்ல சரியான வெயிலாம் நானா" என்பேன். "ஓ, வெயில்தான் தங்கச்சி, எங்கட மச்சானும் சொன்னாரு" என்று அவரும் பில்லைக் கிழித்துத் தருவார்.

காத்திருந்த நேரங்களில் எழுதத் தொடங்கினேன். இரத்தோட்டை பஸ்ஸில் மிளகு மூட்டைக்கு மேலே உட்கார்ந்து வரும் பெண்களைப் பற்றி, மழை வந்தால் கராம்பைக் காயவைத்தவர்கள் ஓடும் ஓட்டத்தைப் பற்றி. வெளிநாட்டிலிருந்து நடந்த ஒரு தமிழ் இணையத்தளத்துக்கு நானா தன்னுடைய ஈமெயிலிலிருந்து அனுப்பினார். என்னிடம் ஈமெயில் கிடையாது. ஒரு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. என் பெயர் திரையில்! தலைகால் தெரியவில்லை. அச்செடுத்து, கொப்பி அடித்து, ஆசிரியர் அறையில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். அடுத்தடுத்து இன்னும் வந்தன. எழுத்தாளர் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

பக்கங்களை நாங்களே அமைத்து அனுப்பினால் அந்தத் தளத்தின் ஆசிரியருக்கு வேலை மிச்சம் என்றார் நானா. ஓர் ஆங்கிலப் பாடத்தை அச்செடுத்து வைத்திருந்தார். நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அவர் தட்டிப் பார்ப்பார். ஒரு குறியை மூடாமல் விட்டுக் கட்டுரை முழுக்கத் தடித்துப்போன அன்றுதான் அட்டையின் தலையில் அந்த எச்சரிக்கை ஏறியது. கடைசிப் பாடம், ஆச்சரியக்குறியும் சின்னக் கோடுகளும் போட்டு, பக்கம் அமைப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பு.

"இதுக்குள்ள எழுதினா பக்கத்துல தெரியாது நானா."

"யாருக்குமே தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது" என்றேன். டீச்சர் அல்லவா, அடித்துச் சொன்னேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். அந்தத் தளத்தில் தலைப்புக்கு எப்படி நிறம் கொடுக்கிறார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. மெனுவைத் தேடித் தேடிப் பக்கத்துக்குப் பின்னால் குறிகளோடு இருக்கும் உள்ளெழுத்தைத் திறந்தேன். என் கட்டுரைக்கு மேலே, அந்தக் குறிக்குள், நானாவின் பிழையான தமிழில் இருந்தது: "சேர், போன முறை சரிவராது எண்டு சொன்னீங்க. கட்டுரை சுமார்தான். இவங்க மாப்பிள்ளை உள்ளே. ஊருக்குத் தெரியாது, கத்தார் எண்டு சொல்றாங்க. திருத்தியாவது போடுங்க." ஆசிரியர் அதை அகற்றாமல் அப்படியே ஏற்றியிருந்தார். மற்றக் கட்டுரைகளையும் திறந்தேன். நாங்களே அமைத்து அனுப்பிய எல்லாவற்றிலும் இருந்தது.

முகம் கொதித்தது. உலகத்தில் எவனும் திறந்து பார்க்கலாம். நான் கொப்பி கொடுத்த எல்லோருக்கும் அந்தத் தளத்தின் முகவரியும் கொடுத்திருந்தேன்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்த நானா திரையைப் பார்த்தார்.

"யாருக்குமே தெரியாதுன்னு நீங்கதானே தங்கச்சி சொன்னீங்க" என்றார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அது... பலகைதானே. மொத நாளே கேட்டிருச்சு. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்தேன். ஈமெயில் அனுப்புறப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்க, அதான் இதுக்குள்ள எழுதினேன். அல்லாஹ்வே, இப்படி ஊருக்கெல்லாம் காட்டிட்டேனே."

அன்றே ஆசிரியருக்கு எழுதி அந்த வரிகளை எடுக்க வைத்தார். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நோனாவும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன், கோல் எடுக்கக் கண்டி வரைக்கும் போனேன். கணவர் விடுதலையாகி வந்த பிறகுதான் அவரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். நானா அவர் கையைப் பிடித்து, "கத்தார்லருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். கணவர் என்னைப் பார்த்துவிட்டு, "நேத்துதான்" என்றார். புறப்படும்போது நானா கம்ப்யூட்டரிலிருந்து அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கடைசி வரியில் அப்போதே மையடித்திருந்தார்.

இப்போது நானும் ஓர் இணைய இதழுக்குக் கட்டுரை பார்த்துக் கொடுக்கிறேன். குறிகளெல்லாம் இப்போது தானாகவே விழுகின்றன, அட்டைக்கு வேலையில்லை. ஆனாலும் சில சமயம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பேன். மைக்கு அடியில் பேனை பதிந்த அந்த வரி தெரியும்: "இதுக்குள்ள எழுதினா யாருக்கும் தெரியாது."

கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நானாவின் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தேனே, கணவர் உள்ளே கிடந்ததைச் சொன்ன இடத்தில் என் கண் நிற்கவேயில்லை. "கட்டுரை சுமார்தான்" என்ற இடத்தில்தான் நின்றது.