சந்திராவுக்கு வைத்த சோறு

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஆணியும் கீலும் விற்கும் கடை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் நின்றவர் தனசேகரன். எந்தக் கதவுக்கு எந்தக் கீல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எந்தப் பறவையைக் காட்டினாலும் "குருவி" என்பார். அதற்கு மேல் மனிதருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மனைவி சந்திரமதிக்கு இதைச் சொல்லிச் சிரிக்காமல் பொழுது போகாது.

"ரெண்டு இஞ்ச் ஸ்க்ரூவுக்கும் ரெண்டரை இஞ்ச் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியுது. மைனா எது, காக்கா எதுன்னு தெரியலை. என்னா ஆளு லா நீங்க!"

சந்திரமதி வேறு ரகம். செங்காங்கில் பாலர் பள்ளி வேலை. சனிக்கிழமை விடிந்தால் பொங்கோல் பக்கம் ஓடையோரத்துப் புதர்க்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே வைக்கோல் நிறத் தலையோடு ஒரு கொண்டைக்குருவி உண்டு. மலாய்க்காரர்கள் பராவ்-பராவ் என்பார்கள். பாட்டு நன்றாக இருக்கிறதாம், அதற்காகவே பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்து, சுற்றியிருக்கும் நாடுகளில் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார்கள் பாவிகள். சிங்கப்பூரில்தான் இன்னும் சில நூறு மிச்சம். அந்தக் காட்டில் ஒரே ஒரு ஜோடி. ரேஞ்சர் நிரஞ்சனாவும் ஆறு தொண்டூழியர்களும் முறை வைத்து அதைக் காவல் காத்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் சந்திரமதி.

நாலு வருஷமாக அந்த ஜோடி கூடு கட்டியது. ஒரு தடவை மழை அடித்துப் போனது, ஒரு தடவை பாம்பு. ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு பறந்துட்டா போதுங்க, நான் நிம்மதியா இருப்பேன்" என்று சந்திரமதி சொல்லிக்கொண்டே இருந்தார்.

பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் தலை வலிக்கிறது என்றார். தனசேகரன் செருப்பை மாட்டிக்கொண்டே, "பனடால் போட்டுட்டுப் படு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மூளையில் ரத்தக் கசிவு. மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த கையோடு தனசேகரன் நிரஞ்சனாவுக்குப் போன் போட்டார். "அவ முறைய இனிமே நான் பாத்துக்கறேம்மா. குருவியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நிக்கச் சொன்னா நிப்பேன்."

நின்றார், சும்மா சொல்லக் கூடாது. ஆறே வாரத்தில் பராவ்-பராவ் குரலை மற்ற குரல்களிலிருந்து பிரித்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

அமாவாசைதான் அவரை வதைத்தது. தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலையும் வாழைக்காயும் வாங்கி வந்து, தட்டுத்தடுமாறிச் சமைத்து, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரையில் ஒரு பிடி சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். புறா வந்தது. மைனா கூட்டமாக வந்து சண்டை போட்டது. காக்காய் வரவில்லை. அடுத்த அமாவாசைக்கும் வரவில்லை. இரண்டாவது தடவை வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கோபமாக இருக்கிறாள், பனடால் போட்டுக்கொள் என்று போனேனே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை என்றே அவருக்குத் தோன்றியது.

மூன்றாவது அமாவாசைக்குச் சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு காட்டுக்கே போனார். அவள் எப்போதும் இருக்கும் இடம் அதுதானே? காட்டு வாசலிலேயே பலகை இருக்கிறது, விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தீனி போடக் கூடாது என்று. குரங்குக்கு ரொட்டி போட்டவர்களை அவரே நாலு தடவை அதட்டியிருக்கிறார். ஆனால் இது தீனியா? இது படையல். தீனி போடுவது வேறு, படைப்பது வேறு என்று அவர் மனசு அவருக்கு நியாயம் சொல்லிக் கொடுத்தது.

ஒரு வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் சோற்றை வைத்துக் கூப்பிட்டார். அட, சட்டென்று ஒரு காக்காய் வந்து இறங்கியது! தலையைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் சாப்பிட்டது. "வந்துட்டியா சந்திரா" என்று மனிதர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிதான் பல மாதங்களுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினார்.

அடுத்த அமாவாசைக்கும் அது வந்தது. கூட இன்னும் இரண்டு வந்தன.

அதற்கடுத்த வாரமே அந்த ஜோடியின் புதுக் கூட்டைக் கண்டுபிடித்தவரும் தனசேகரன்தான். அந்த அடிக்கட்டையிலிருந்து முப்பது அடி தள்ளி, ஆள் உயரத்துப் புதருக்குள். நிரஞ்சனா துள்ளிக் குதித்தாள். "அங்கிள், ஆன்ட்டி இருந்தா உங்களைத் தூக்கிக் கொண்டாடியிருப்பாங்க!" மறுநாளே கூட்டுக்கு எதிரே ஒரு கேமரா கட்டினார்கள். கூட்டில் இருந்த இரண்டு முட்டையும் பொரிந்தன. இரண்டு குஞ்சு. இன்னும் ஒரு வாரம், பத்து நாள் தாண்டினால் பறந்துவிடும்.

குஞ்சுகள் கண் திறந்திருந்த சமயம் அமாவாசை வந்தது. அன்று காலை முறை அவருடையது. சோற்றை வைத்தார், கூப்பிட்டார், காக்காய் வந்தது, சாப்பிட்டது. அவர் எழுந்து கூட்டைப் பார்க்கப் போனார். காக்காயும் கிளைக்குக் கிளை தாவி அவர் பின்னாலேயே வந்து, கூட்டுக்கு மேல் கிளையில் உட்கார்ந்தது. அவர் கையில் குச்சி இருந்தது. காக்காய் வந்தால் விரட்ட வேண்டும் என்றுதான் அந்தக் குச்சியையே கொடுத்திருந்தார்கள். கை எழவில்லை. குஞ்சைப் பார்க்க வந்திருக்கிறாள், நாலு வருஷம் ஏங்கியவள், பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தார். அடுத்த ஆள் வரும் நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் விட்டார். அந்த ஆள் வர இருபது நிமிஷம் தாமதமானது.

கூடு காலி.

சாயங்காலம் எல்லோரும் நிரஞ்சனாவின் அலுவலகத்தில் கூடி, கேமராவில் பதிந்ததைப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நிரஞ்சனாவும் அவரும். திரையில் கூடு அமைதியாக இருந்தது. தூரத்தில் ஓர் ஆண் குரல், கெஞ்சுகிற குரல்: "வா சந்திரா... வா வா... சாப்பிடு..." பிறகு சிறகடிக்கும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்பாக ஒன்று கூட்டின் விளிம்பில் வந்து நின்றது. குஞ்சுகள் தாய்தான் வந்திருக்கிறது என்று நினைத்து இரண்டும் வாயைத் திறந்தன.

தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கிள் யாரைக் கூப்பிடுறார்?" என்று பக்கத்தில் இருந்த சீனத் தொண்டூழியர் ஆங்கிலத்தில் கேட்டார். நிரஞ்சனா பதிவை நிறுத்தினாள். அவர் மனைவியை என்றாள். அந்த அறையில் இருந்த எல்லோரும் சந்திரமதியின் சவப்பெட்டி பக்கத்தில் நின்றவர்கள்.

"ரிப்போர்ட்ல எழுதும்மா" என்றார் தனசேகரன். "நான்தான் சோறு போட்டுப் பழக்குனேன். என் பேரைப் போட்டே எழுது."

"எழுதத்தான் வேணும் அங்கிள்" என்றாள் நிரஞ்சனா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீங்க போயிடாதீங்க. அந்த ஜோடி திரும்பக் கூடு கட்டும். காக்கா இப்ப அந்த இடத்தைப் பழகிடுச்சு. யாராச்சும் தெனமும் வந்து வெரட்டணும்."

"நான் வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டார். வெறுங்கை, குச்சி மட்டும். அவரைக் கண்டதும் காக்காய் ஆசை ஆசையாக இறங்கி வந்து அடிக்கட்டையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவர் குச்சியை ஓங்கினார். "போ" என்றார். அது நகரவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, இன்னும் இரண்டு தத்து தத்தி அவர் காலடிக்கே வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவர், ஒரு நாளும் மனைவியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"போடீ! போ! போய்த் தொலை!"

குச்சியை வீசினார். காக்காய் மேலே எழும்பி, ஓடையைத் தாண்டிப் போயே போய்விட்டது. தனசேகரன் குச்சியைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு, திரும்பி வருகிறதா என்று மத்தியானம் வரை அங்கேயே நின்றார்.