காட்டூரில் மட்டும் நின்ற வண்டி

என் மொபெட்டுக்குக் காட்டூர்க்காரர்கள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு அறுவடைக்காலம் முழுக்க நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் சிரித்து முடித்தாயிற்று.

பழவேற்காட்டிலிருந்து வண்டி பறந்துதான் வரும். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், காட்டூரில் ரோட்டிலேயே நெற்கதிரைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் மெதுவாகத்தான் போக முடியும். மெதுவானதும் இரண்டு இருமல், அவ்வளவுதான், நின்றுவிடும். பெட்ரோல் இருக்கும். மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றி ஊதிக் கொடுத்தார். மறுநாளும் அதே இடம், அதே இருமல்.

வண்டியில் இருந்தது இறால். என் மனைவியும் அவள் தங்கைகளும் ஏரிச்சேற்றில் கையால் துழாவிப் பிடித்தது. இறால் போடும் ஓலைக்கூடை, அதுதான் பறி; அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் துழாவுவார்கள். பறி முகத்துக்கு முன்னால் தொங்கும். பிடித்ததை முதுகுக்குப் பின்னால் வைக்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. நானும் ஐஸ் போட்ட பறியை ஹேண்டிலில், கண்ணெதிரே தொங்கவிட்டிருந்தேன். அனுப்பம்பட்டில் சந்தைக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டால் இறால் நாறிவிடும். ஏற்கெனவே சில நாள் அப்படி நாறியிருந்தது.

"இன்னொரு வாட்டி கெட்டுச்சின்னா வேன்காரனுக்கே குட்துருவோம் மாமா" என்று மச்சினி சொல்லிவிட்டாள். வாசலுக்கே வந்து இறால் வாங்கும் வேன்காரனிடம் போனால் அவன் வைத்ததுதான் விலை.

அன்றும் நின்றது. பெடலை மிதித்தேன். தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி ஹாரன் அடித்தேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கினேன். கடைசியில், கதிர் உதறிக்கொண்டிருந்த பெரியவரின் காலில் விழுந்தேன்.

"இன்னா நைனா, டெய்லி இங்கியே நிக்கிற? பொண்ணு பாக்க வந்தியா?"

"வெச்சத எட்துரு பெரியவரே. உன் நெல்லு மேல வண்டி ஏத்துனது தப்புதான்."

"யோவ், உன் வண்டி ஏறுனாத்தான்யா எனக்கு நெல்லே உதிருது! உனுக்குப் போயி எதுக்குய்யா செய்வின வெக்கப்போறேன்?"

களத்து ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆத்திரத்தில் எஞ்சினின் பிளக் வயரைப் பிடுங்கினேன். விரல் ஈரமானது. பழக்கதோஷத்தில் நக்கிப் பார்த்தேன். உப்பு. நிமிர்ந்தால், நேர் மேலே பறி.

வேகமாகப் போனால் பறியிலிருந்து ஒழுகும் தண்ணீரைக் காற்று தள்ளி என் வேட்டியை நனைக்கும். மெதுவாகப் போனால் அது நேராகப் பிளக்கில் சொட்டும்; நனைந்த பிளக்கில் பொறி வராது.

பிளக்கைத் துடைத்துவிட்டு, பறியைப் பின்னால் கட்டினேன். ஒரே மிதியில் கிளம்பியது. ரயில்தான் போயிருந்தது.

வீட்டு வாசலிலேயே கத்தினேன்: "கண்டுபுட்ச்சிட்டேன்! செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பறித்தண்ணி!"

மனைவி பறியைத் திறந்து மோந்து பார்த்தாள். நாறியிருந்தது; மூக்கைக்கூடப் பொத்தாமல் அப்படியே மூடி வைத்தாள். "நாளைக்கு வேன் வரச் சொல்லியாச்சி" என்றாள்.

அதற்கப்புறம் என் வண்டி காட்டூரில் ஒருநாளும் நிற்கவில்லை. இறால் வேனில் போனது, வேன்காரன் சொன்ன விலைக்கு.