எபெத்மெலேக்காக நான் தூங்கிய மாலை

அந்த வருடம் எட்டு மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. விம்கோ நகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் கயிறும் பெயிண்டும் விற்றுவிட்டு வந்து படுத்தால் கண் மூடாது. மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள்.

அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் சர்ச் போதகர், சபையில் எல்லாருக்கும் ஐயர், நாடகத்தில் தூங்கச் சொன்னார்.

ஐயருக்கு வேதாகமத்தில் சேராத பழைய யூதக் கதைகளில் பிரியம். எரேமியா தீர்க்கதரிசியைக் கயிறு போட்டுச் சேற்றுக்குழியிலிருந்து தூக்கிய எபெத்மெலேக், வேதாகமத்தில் கொஞ்ச நேரமே வருகிறவன். அந்தக் கதைகளிலோ அவனுக்குப் பெரிய சம்பவம் இருக்கிறது. நோயாளிகளுக்கு அத்திப்பழம் கொண்டுவர எரேமியா அவனை அனுப்புகிறார். திரும்பும் வழியில் மரநிழலில் சற்றுத் தலைசாய்க்கிறான். விழிக்கும்போது அறுபத்தாறு வருடம் போய்விட்டது. எருசலேம் அழிந்ததும், ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனதும் அவனுக்குத் தெரியாது. எதிரே வந்த கிழவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறான். ஆனால் கூடையில் இருந்த பழங்களில் இன்னும் பால் வடிந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வசனம் மனப்பாடம் ஆகாது என்றேன். பாதி நேரம் படுத்துக்கிடந்தால் போதும் என்றார் ஐயர்.

கிழவர் வேடத்துக்கு என் கடையில் படகுக்குப் பெயிண்ட் வாங்கும் எண்ணூர் மீனவர் வந்தார். அவர் முருக பக்தர். ஆனால் நிஜத் தாடி சபையில் யாருக்கும் இல்லை. புது அத்திப்பழம் எங்கும் கிடைக்காததால் என் மனைவி உலர்ந்த பழத்தைப் பாலில் ஊறவைத்துக் கூடையில் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு, எங்கள் சபைக் கோயில் மைதானத்தில் நாடகம். நான் படுத்தேன். பாபிலோன் படை வந்து அட்டை மதிலைத் தள்ளிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவேன். நான் எழ வேண்டிய இடம் வந்தும் எழவில்லை. ஐயர் ஓரத்திலிருந்து மூன்று முறை என் வசனத்தைக் கிசுகிசுத்திருக்கிறார். எழுப்புவதற்காக அவர் மேடை ஏறியபோது என் மனைவி குறுக்கே போய் நின்று, என் வீட்டுக்காரரை எழுப்பினால் வேறு சபைக்குப் போய்விடுவேன் என்றாளாம். ஐயர் கூட்டத்தைப் பார்த்து, சிறையிருப்பு இன்னும் முடியவில்லை என்று அறிவித்தார். பாடகர் குழு தெரிந்த பாட்டையெல்லாம் பாடியது. பாபிலோன் வீரர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். பால் வாசத்துக்கு எறும்பு ஏற, மீனவர் என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

கண்விழித்தபோது முகத்துக்கு மேலே ஒரு தாடி தெரிந்தது. நாடகமே எனக்கு மறந்துபோயிருந்தது.

"கடைய யாரு பாக்கா?" என்று கேட்டேன்.

மீனவர் வேதாகமத் தமிழில் பேச வேண்டியவர். அவருக்கும் மறந்துவிட்டது. "அறுவத்தாறு வருசம் பூட்ச்சி அண்ணாச்சி. இன்னும் கட கீதான்னு கேக்குற."

அப்போதுதான் நினைவு வந்தது. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, இன்னும் பால் வடிகிறது பாரும் என்று நீட்டினேன். அவர் மோந்து பார்த்தார்.

"பாலு திரிஞ்சி பூட்ச்சி. ஆனா நீ நல்லா தூங்குன."

கூட்டம் கைதட்டியது. ஐயர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கு வீட்டில் மறுபடி தூக்கமில்லை. வியாழக்கிழமை மதியம் ஐயரிடம் கேட்டு அதே மேடையில் போய்ப் படுத்துப் பார்த்தேன். வரவில்லை. மீனவரிடம் சொன்னேன். அண்ணாச்சிக்குக் கூட்டம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்று அவர் கண்டுபிடித்தார்.

சோதித்துப் பார்க்க அடுத்த ஞாயிறு ஆராதனையில் கண்ணை மூடினேன். பிரசங்கம் முடியும்வரை தூங்கினேன். ஐயர் கோபிக்கவில்லை. தூணோரம் சாய்வதற்குத் தோதான ஒரு இடத்தை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். இப்போது வாரத்தில் ஒரு நாளாவது நன்றாகத் தூங்குகிறேன். பிரசங்கம் கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது என்று மனைவி அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.