சனிக்கிழமை பிடித்த மீன்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, வேலை போயிருந்த காலம் அது. ஆக்லாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விசாவே அந்த வேலையை நம்பித்தான். தம்பி இங்கே பெரிய வேலையில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருந்த அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வார்? தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் அம்மா கட்டிக்கொடுத்த லஞ்ச் டப்பாவுமாக வெஸ்ட்கேட்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினார். கடற்கரையில் காரை நிறுத்தி, போனில் வேலை தேடினார். அலுத்துப்போய், ஒரு பழைய தூண்டிலும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஆபீசிலிருந்து வருகிறவர்போல் களைப்பாக வருவார். களைப்பு மட்டும் நிஜம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அவரே சொன்னது.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விடுமுறை. அப்பா ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போயிருந்தார். அவருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். அம்மா விடிந்ததுமே கோயிலில் சமைக்கப் போய்விட்டாள். என்னைப் பார்த்துக்கொள்ள மாமாதான்.

"குட்டி, கடலுக்குப் போலாமா?" என்றார். நான் டிவியை அணைத்துவிட்டு ஓடினேன்.

முரிவாய் கரையில் காற்று ஆளைத் தள்ளியது. கறுப்பு மணல் கன்னத்தில் குத்தியது. கடல் கொந்தளிக்கும் நாளில்தான் மீன் இரை தேடிக் கரையோரம் வரும் என்று மாமா யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். நீளத் தூண்டிலைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வீசினார். காற்று ஈயக்குண்டை எங்கள் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டது. மறுபடி வீசினார், மறுபடியும் அதே கதை. எங்களைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. நனைந்து நடுங்கி, "மாமா, லெட்ஸ் கோ ஹோம்" என்று அழ ஆரம்பித்தேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. வெறுங்கையோட எப்படிப் போறது?"

பெரியவர்கள் யாரும் அதற்கு முன் என்னிடம் கெஞ்சியதில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

அந்தத் தடவை தூண்டில் வளைந்தது. நல்ல பெரிய கஹவாய் மீன். அலை வரும்போது தூண்டில் நரம்பைச் சுற்றியும், பின்வாங்கும்போது விட்டுக்கொடுத்தும் மாமா பதமாகத்தான் இழுத்தார். மீன் கரையோரம் துள்ளியதும் பொறுமை போய்விட்டது. தூண்டிலைப் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்தார். அடுத்த அலை அவரை மூடியது. மாமாவைக் காணவில்லை. நான் கத்தியது காற்றில் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தபோது, மூக்குக்கண்ணாடியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மீனைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்தபடி மண்டியிட்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்தாள். மாமா மீனைத் தூக்கிக் காட்டினார். "அக்கா, இதுக்காகவே இன்னிக்கு ஆபீசுக்கு லீவு போட்டேன்!"

"அடப்பாவி! புரட்டாசிச் சனிக்கிழமைடா! பெருமாளுக்கு விளக்கு எரியுது, வீட்டுக்குள்ள மீனைத் தூக்கிட்டு..."

அம்மா பாதியில் நிறுத்தினாள். தம்பியின் முகத்தையே பார்த்தாள். சட்டையிலிருந்து தண்ணீர் கார்ப்பெட்டில் சொட்ட, மாமா தலைகுனிந்து நின்றார். இங்கே சனிக்கிழமை ஆபீசே கிடையாது. ஆபீசுக்குப் போகிறவன் எதை மறந்தாலும் சனிக்கிழமையை மறக்க மாட்டான்.

"எப்போலேர்ந்துடா?" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஜூலையிலேர்ந்துக்கா."

அம்மா மீனை வாங்கிக்கொண்டாள். புரட்டாசியில் நான் கேக் சாப்பிட்டாலே முட்டை இருக்கிறதென்று பிடுங்குகிறவள், கராஜில் கேஸ் அடுப்பை வைத்து, மசாலா தடவி, தன் கையாலேயே பொரித்தாள். அவளுக்கு அன்று விரதம். ஆனாலும் மாமாவுக்குத் தட்டில் வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய மீனாக இருந்தால் பெருமாள்கூட ஒன்றும் சொல்லமாட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.