செல்வியக்காவுக்கு நான் விற்ற வொர்க்ஸ்டேஷன்

இன்று மூணாறு பஸ்ஸில் செல்வியக்காவைப் பார்த்தேன். சின்னக்கானல் பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்.

ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். மூன்று மாதம் முன்பு அதை அவருக்குத்தான் விற்றேன். செல்போனில் விளையாடும் பஸ் ஓட்டும் கேமைப் பெரிய திரையில் ஓட்ட அவருக்கு ஆசை.

"எல்லா கேமும் பறக்கும்க்கா" என்றேன் அன்று. அதிலிருக்கும் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் என்னாலேயே ஒரு கேமும் ஆட முடியவில்லை என்பதைச் சொல்லவில்லை.

"பொட்டி நல்லா இருக்கு தம்பி. பாட்டெல்லாம் கணீர்னு கேக்கு" என்றார் இன்று பஸ்ஸில்.

"பஸ் கேம்?"

"தொறந்ததுமே நின்னு போவுது. எனக்குத்தான் ஓட்டத் தெரியல போல. மெதுவாப் படிச்சுக்கிடுதேன்."

அதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

வீடு வரை நடந்தேன். மனசு கேட்கவில்லை. போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். 

"அப்ப, எனக்கு ஓட்டத் தெரியும்னு சொல்லுதீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

செல்வியக்காவின் பொட்டிக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு யாரிடமாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஓடுமா ஓடாதா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நான் செய்ததைப் போல வேண்டாம்.