விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

மனைவி விதைக்கென்று துணி கட்டி விட்டிருந்த பீர்க்கங்காயைப் பறித்துக் கடைந்து தின்றவன் நான்தான். அன்று அவள் ஊரில் இல்லை. கடைக்குப் போக எனக்குச் சோம்பல். செத்துப்போன அவள் அம்மா கொடுத்த விதை. கொடியில் அதுதான் கடைசிக் காய்.

திரும்பி வந்தவள், "ருசியா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடி நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறிக் கிணத்துக்கடவில் அவள் தங்கையிடம் போய் அதே விதை இருக்கிறதா என்று கேட்டேன்.

"எங்கிட்டயும் இதோட தீர்ந்துச்சுங்க மச்சான்" என்று கொஞ்சம் விதை தந்தாள்.

ஊன்றினேன், முளைத்தது. முதல் பிஞ்சுக்கு நானே துணி கட்டினேன். சில நாளில் அதையே பறித்துக் கடைந்து என் தட்டில் வைத்தாள் மனைவி.

"சாப்பிடுங்க. விதைக்கு வேறொண்ணு விட்டிருக்கறனுங்க. எங்கேன்னு சொல்லமாட்டேன்."

இப்போதெல்லாம் கொடிப்பக்கம் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.